ரொட்டி அடுப்பின் புகைபோக்கி: புகை சென்ற வழியின் வரலாறு

செங்கல்லால் கட்டப்படும் ரொட்டி அடுப்பு மிகப் பழமையான சமையல் கட்டுமானங்களுள் ஒன்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் கட்டிய அடுப்புக்கும், இன்று ஒருவர் ரொட்டியும் பீட்சாவும் சுடுவதற்காகத் தம் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கொள்ளும் அடுப்புக்கும் வடிவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அடுப்பிலிருந்து வெளிவரும் புகையை என்ன செய்வது என்பதில்தான் காலத்துக்குக் காலம் வேறுபாடு காணப்படுகிறது. புகை எந்த வழியாகப் போனது? வழி இல்லாதபோது அதை யார் சுவாசித்தார்கள்? வழி அமைத்த பிறகு அதில் படிந்த கரியை யார் துடைத்தார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடுப்பின் மூன்று உறுப்புகள்

ரொட்டி அடுப்பு நம் வீட்டு விறகடுப்பிலிருந்து வேறானது. விறகடுப்பில் தீயின் மேல் பாத்திரத்தை வைக்கிறோம். ரொட்டி அடுப்பிலோ, அடுப்பின் உட்புறமே பாத்திரம். செங்கல் தளத்தின் மேல் கும்மட்டம் போல வளைத்துக் கட்டிய கூரைக்குள் விறகை இட்டு இரண்டு, மூன்று மணி நேரம் எரிப்பார்கள். செங்கற்கள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். தொடக்கத்தில் உட்கூரை முழுவதும் கரி படிந்து கறுக்கும். வெப்பம் மிகுந்ததும் அந்தக் கரியே எரிந்துபோய்க் கூரை மீண்டும் வெளுக்கும். அடுப்பு தயாராகிவிட்டது என்பதற்குச் சமையல்காரர்கள் நம்பும் அடையாளம் இதுதான். பிறகு தணலை வாரி வெளியேற்றித் தளத்தைத் துடைத்து, மாவு உருண்டைகளை உள்ளே தள்ளி, வாயைக் கதவால் மூடிவிடுவார்கள். ரொட்டி வேகும் நேரத்தில் உள்ளே தீ இருக்காது. செங்கல் சேமித்து வைத்த வெப்பமே ரொட்டியைச் சுடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால், பலருக்கும் வியப்பளிக்கும் ஒரு செய்தி எளிதில் விளங்கும். இந்த அடுப்பின் புகைபோக்கி கும்மட்டத்தின் உச்சியில் இருப்பதில்லை. வாய்க்கு முன்னால், கதவு பொருந்தும் இடத்துக்கு வெளிப்புறத்தில் இருக்கிறது. உச்சியில் துளையிட்டால் சூடான காற்று நேராக மேலே ஓடிவிடும், செங்கல் சூடேறாது. கதவை மூடினாலும் வெப்பம் துளை வழியே கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரே வாயே மூக்கின் வேலையையும் செய்கிறது. வாயின் கீழ்ப்பாதி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. புகை கூரையைத் தடவி வந்து மேற்பாதி வழியாக வெளியேறுகிறது. வாயின் உயரம் உட்கூரையின் உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது அடுப்புக் கட்டுவோர் கைக்கொள்ளும் அளவு. அதற்கு மேல் உயர்ந்தால் வெப்பம் வீணாகும். தாழ்ந்தால் தீ மூச்சுத் திணறும்.

மூன்றாவது உறுப்பு சுற்றுக்கட்டு. கும்மட்டத்தைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பி, இடைவெளியைச் சாம்பல், மணல், களிமண் போன்ற பொருளால் நிரப்புவார்கள். இது வெப்பத்தை உள்ளே காக்கிறது, மழையிலிருந்தும் காக்கிறது. அருகில் நிற்பவர் கை சுட்டுக்கொள்ளாமலும், பக்கத்து மரவேலைப்பாடுகளில் தீப்பற்றாமலும் பார்த்துக்கொள்வதும் இதுவே.

பொம்பெயி நகரின் அடுப்புகள்

இந்த மூன்று உறுப்புகளையும் இன்றும் நேரில் காணக்கூடிய இடம் இத்தாலியின் பொம்பெயி. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்த இந்நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட ரொட்டிக் கடைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பலவற்றில் எரிமலைக் கல்லால் ஆன திரிகைகளும், அவற்றை அடுத்துச் செங்கல் அடுப்பும் உள்ளன. கும்மட்டத்தைச் சுற்றிச் சதுரமாகக் கட்டிய சுற்றுக்கட்டும், முகப்பில் வளைவும் தெளிவாகத் தெரிகின்றன. 1862இல் ஓர் அடுப்பைத் திறந்தபோது, 80க்கும் மேற்பட்ட ரொட்டிகள் கரிந்த நிலையில், வைத்த இடத்திலேயே கிடைத்தன. சுட வைத்தவர் எடுக்கத் திரும்பி வரவில்லை.

கட்டடக் கலையின் சிறப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அங்கே உண்டு. 2023 டிசம்பரில் பொம்பெயி தொல்லியல் பூங்கா ஒரு வெதுப்பகத்தைப் பற்றிய செய்தியை வெளியிட்டது. அந்த வேலைக்கூடத்திலிருந்து தெருவுக்குக் கதவு இல்லை. இருந்த சிறு சாளரங்களுக்கும் இரும்புக் கம்பிகள். உள்ளே கழுதைகளும் அடிமைகளும் ஒன்றாக அடைக்கப்பட்டுத் திரிகையைச் சுற்றி நடந்தார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். அடுப்பின் அமைப்பு எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், அதன் வெக்கையிலும் மாவுத் தூசியிலும் நாளெல்லாம் நின்றவர்களுக்கு வெளிக்காற்று கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் அடுப்பைக் கட்டத் தெரிந்தவர்கள் ஒரு சாளரத்தைப் பெரிதாக வைக்கத் தெரியாதவர்கள் அல்லர்.

புகைபோக்கி இல்லாத வீடுகள்

ரோமப் பேரரசு மறைந்த பின் பல நூற்றாண்டுகள் வரை வட ஐரோப்பிய வீடுகளில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவே தரையில் தீ மூட்டுவார்கள். புகை கூரையில் விட்ட துளை வழியாகவோ, கூரை வேய்ந்த புல்லின் இடுக்குகள் வழியாகவோ மெல்ல வெளியேறும். இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டில் கோட்டைகளின் கற்சுவர்களுக்குள் புகைவழிகள் தோன்றின. எளியவர் வீட்டுக்கு அவை வந்து சேர மேலும் 400 ஆண்டுகள் ஆயின. 1577இல் வில்லியம் ஹாரிசன் இங்கிலாந்தைப் பற்றி எழுதிய நூலில், தம் ஊர் முதியவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்ட பெரிய மாறுதல்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகள் பெருகியதைச் சொன்னதாகக் குறிப்பிடுகிறார்.

அடுப்பு தீ விபத்தின் ஊற்றாகவும் இருந்தது. லண்டனில் 1212ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின், ரொட்டி சுடுவோர் இரவில் நாணலும் வைக்கோலும் எரிக்கக் கூடாது, விறகே எரிக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். வைக்கோல் தீயின் பொறி காற்றில் எழுந்து பக்கத்துக் கூரையில் விழும் என்பதே காரணம்.

பிரான்சில் வேறொரு முறை நிலவியது. ஊருக்கு ஒரு பொது அடுப்பு. அது நிலப்பிரபுவுக்கு உரியது. குடிகள் தங்கள் மாவை அங்கேதான் சுட வேண்டும். அதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டும். வீட்டுக்கு வீடு அடுப்பு இருந்தால் தீ அபாயம் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று. அபாயம் உண்மைதான். ஆனால் அந்த உண்மையின் பெயரால் வசூலும் நடந்தது. பிரெஞ்சுப் புரட்சிதான் இந்த உரிமையை ஒழித்தது. தன் வீட்டுக் கொல்லையில் தானே ஓர் அடுப்புக் கட்டிக்கொள்வது ஒரு காலத்தில் சட்டப்படி மறுக்கப்பட்ட உரிமையாக இருந்தது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

இரண்டு தீ விபத்துகள்

1666 செப்டம்பர் 2ஆம் நாள், ஞாயிறு அதிகாலையில், லண்டனின் புட்டிங் சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீ எழுந்தது. நான்கு நாள்களில் ஏறத்தாழ 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. ஃபாரினரின் குடும்பத்தார் மாடிச் சாளரம் வழியாகப் பக்கத்துக் கூரைக்குத் தப்பினர். அவ்வாறு ஏற அஞ்சிய வேலைக்காரப் பெண் உள்ளேயே இறந்தார். இரவு அடுப்பை முற்றிலும் அணைத்துவிட்டதாக ஃபாரினர் சாதித்தார். இராபர்ட் ஹூபர்ட் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி தானே தீ வைத்ததாகச் சொல்ல, அவரைத் தூக்கிலிட்டார்கள். தீ தொடங்கியபோது அவர் லண்டனிலேயே இல்லை என்பது பிறகு தெரிய வந்தது. நகரை மீண்டும் கட்டுவதற்காக இயற்றிய சட்டம் வீடுகளின் புறச்சுவர் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டும் என்று விதித்தது.

இரண்டாவது விபத்து சிறியது; ஆனால் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தில் 1662 முதல் அடுப்பு வரி நடைமுறையில் இருந்தது. ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். தொழிற்கூடங்களின் உலைகளுக்கு விலக்கு இருந்தும், ரொட்டி சுடுவோர் அடுப்புக்கு விலக்கு இல்லை. 1684இல் ஆக்ஸ்ஃபோர்டுசயர் மாவட்டத்தின் சர்ச்சில் என்னும் சிற்றூரில் தீப்பிடித்து 20 வீடுகள் எரிந்தன, நால்வர் இறந்தனர். ரொட்டி சுடும் ஒரு பெண் வரியிலிருந்து தப்புவதற்காகத் தனிப் புகைபோக்கி வைக்காமல், சுவரை இடித்துத் தம் அடுப்பின் புகையைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குள் திருப்பிவிட்டதே காரணம் என்று அவ்வூர் வரலாறு கூறுகிறது.

அந்தப் பெண்ணைக் குறை கூறுவது எளிது. ஆனால் புகைபோக்கியைக் கணக்கெடுத்து வரி போடும் அரசு, புகைபோக்கி கட்டாமல் இருப்பதற்குத் தானே ஒரு காரணத்தை உண்டாக்கிவிடுகிறது. மக்களிடம் பெரும் வெறுப்பைச் சம்பாதித்த அந்த வரி 1689இல் நீக்கப்பட்டது.

அடுப்பு வீட்டுக்குள் வந்தபோது

அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் ரொட்டி அடுப்புக்குத் தனிப் புகைபோக்கி கட்டாமல், கணப்படுப்பின் பின்சுவருக்குள் அதைப் பொருத்தினார்கள். அடுப்பின் புகை கணப்படுப்பின் பெரிய புகைபோக்கி வழியாகவே போய்விடும்; செலவு குறைவு. ஆனால் ரொட்டியை வைக்கவும் எடுக்கவும் பெண்கள் எரியும் கணப்பைத் தாண்டிக் குனிய வேண்டியிருந்தது. நீண்ட பாவாடையில் தீப்பற்றும் அபாயம் எப்போதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அடுப்பின் வாய் மெல்ல மெல்லப் பக்கச்சுவருக்கும் முன்புறத்துக்கும் நகர்ந்தது. அதன்பின் அதற்கெனத் தனிப் புகைவழியும் அமைந்தது.

புகைவழியின் உட்கணக்கை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் ரம்ஃபோர்டு பிரபு எனப்படும் பெஞ்சமின் தாம்சன். 1796இல் வெளியான கட்டுரையில், புகைபோக்கி பெரிதாக இருந்தால் நன்றாக இழுக்கும் என்ற நம்பிக்கை தவறு என்று அவர் காட்டினார். வாய் பெரிதானால் குளிர்ந்த காற்றும் கூடவே ஏறி, புகையின் சூட்டைக் குறைத்துவிடும். சூடு குறைந்த புகை மேலே ஏறாமல் அறைக்குள் திரும்பும். கழுத்தைச் சுமார் 4 அங்குலமாகக் குறுக்கினால் புகை வேகமாக மேலேறும். கணப்படுப்புக்காக அவர் சொன்ன இந்த அடிப்படை ரொட்டி அடுப்புக்கும் பொருந்தும்.

குழாய்க்குள் ஏறிய சிறுவர்கள்

குறுகிய புகைவழி நன்றாக இழுக்கும். ஆனால் அதில் கரி படியும். படிந்த கரி ஒரு நாள் தீப்பற்றும். நிலக்கரி பரவியபின் 9 அங்குலம் அகலமும் 14 அங்குலம் நீளமும் கொண்ட குறுகிய புகைவழிகள் இங்கிலாந்து முழுவதும் பெருகின. அவற்றைத் துடைக்கச் சிறுவர்களை உள்ளே ஏற்றினார்கள். முழங்கையாலும் முழங்காலாலும் சுவரை உந்தி மேலே ஏறி, கரியைச் சுரண்டித் தள்ள வேண்டும். அனாதை இல்லங்களிலிருந்தும் ஏழைப் பெற்றோரிடமிருந்தும் தொழில் பழகும் பெயரில் பெறப்பட்ட பிள்ளைகள் இவர்கள். சிலர் உள்ளேயே சிக்கி மூச்சடைத்து இறந்தனர்.

1775இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர், புகைபோக்கி துடைப்போருக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய் கரியினால் உண்டாவது என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவ உலகம் முதன்முதலில் அறிந்தது இந்தப் பிள்ளைகளின் உடலிலிருந்துதான்.

1788ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வயதுக்கு உட்பட்டவரைச் சேர்க்கக் கூடாது என்றது. 1840ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்கு உட்பட்ட எவரும் ஏறக் கூடாது என்றது. இரண்டையும் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. ஆளே ஏறாமல் துடைக்கும் நீண்ட தூரிகையை ஜார்ஜ் ஸ்மார்ட் 1803லேயே செய்து காட்டியிருந்தார். 1828இல் ஜோசப் கிளாஸ் அதை மேம்படுத்தினார். கருவி இருந்தது, சட்டம் இருந்தது, சிறுவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சிறுவனின் கூலி தூரிகையைவிட மலிவு. கோணலான பழைய புகைவழியை இடித்துக் கட்டவும் வீட்டுக்காரர்கள் விரும்பவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்னில் ஒரு புகைவழிக்குள் சிக்கி ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் இறந்த பிறகு, ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் அதே ஆண்டில் புதிய சட்டம் வந்தது. புகைபோக்கி துடைப்போர் காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும் என்று அது விதித்ததால் இவ்வழக்கம் முடிவுக்கு வந்தது.

போறணை

இலங்கைத் தமிழில் ரொட்டி சுடும் செங்கல் அடுப்புக்குப் போறணை என்று பெயர். போர்ச்சுகீசியச் சொல்லான ஃபோர்னோ என்பதிலிருந்து வந்தது இது. அங்கு வழங்கும் பாண் என்ற சொல்லும் அம்மொழியிலிருந்து வந்ததே. 1505இல் இலங்கைக் கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர் 1658இல் யாழ்ப்பாணத்தை டச்சுக்காரரிடம் இழந்து வெளியேறினர். அவர்கள் ஆட்சி போயிற்று. அடுப்பும் சொல்லும் தங்கிவிட்டன. தமிழ்நாட்டிலும் சில பேக்கரிகளில் விறகு எரிக்கும் செங்கல் அடுப்பை இன்றும் காணலாம்.

ஆனால் நம் வீடுகளில் அன்றாடச் சோறும் குழம்பும் வெந்தது போறணையில் அல்ல, மண் அடுப்பில். அதற்குப் புகைபோக்கி பெரும்பாலும் இல்லை. ஓட்டு வீட்டில் கூரையின் ஒரு பகுதியை உயர்த்திப் புகைக்கூண்டு வைப்பார்கள். அது அறையின் புகையை மெல்ல வெளியேற்றுமே தவிர, ஊதுகுழலோடு அடுப்பின் முன் குந்தியிருப்பவர் முகத்துக்கு வரும் புகையைத் தடுக்காது. என் சிறுவயதில் எங்கள் அடுக்களைச் சுவர் மேல்பாதி கறுத்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவருக்கு மட்டும் மூன்று முறை அடிப்பார்கள். அந்தச் சுவரில் படிந்தது அம்மாவின் நெஞ்சிலும் படிந்திருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இதைப் பேசியவர்களுள் ஒருவர் ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு. மண்ணாலேயே செய்து புகைபோக்கி பொருத்தக்கூடிய அடுப்பை வடிவமைத்து, கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லா அடுக்களை என்னும் கருத்தை முன்வைத்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1953இல் சென்னையில் வெளியானது. 1980களில் இந்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தை நாடு முழுவதும் தொடங்கியது. 2002இல் அது முடியும்வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன.

அவை என்ன ஆயின என்பதற்கு ஒடிசாவில் நடந்த பிற்கால ஆய்வு ஒன்று விடை தருகிறது. எஸ்தர் டஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமா ஹன்னா ஆகிய மூவரும் 2,500க்கும் மேற்பட்ட குடும்பங்களில் புகைபோக்கியுள்ள அடுப்பின் பயனைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டில் பெண்கள் உள்ளிழுத்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துபோயிற்று. விரிசலைப் பூசவும் குழாயின் கரியை நீக்கவும் முறையான ஏற்பாடு இல்லை. அடுப்பின் பயன்பாடும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர்.

கொல்லையில் கட்டுவோருக்கு

இன்று பொழுதுபோக்காகச் செங்கல் அடுப்புக் கட்டுவோர் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு இவ்வரலாறு சில நடைமுறைப் பாடங்களைத் தருகிறது.

புகைபோக்கி வாயின் முன்புற வளைவுக்கு மேல் அமைய வேண்டும். சுமார் 3 அடி உள்விட்டமுள்ள அடுப்புக்கு 6 முதல் 8 அங்குலம் வரை விட்டமுள்ள குழாய் போதும். அருகில் கூரை இருந்தால், குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும்; 10 அடிச் சுற்றளவில் உள்ள எதையும்விட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். உச்சியில் மழை மூடியும் பொறி தடுக்கும் கம்பி வலையும் தேவை. கீற்றுக் கொட்டகைக்கு அருகில் இவ்வடுப்பு கூடவே கூடாது.

கும்மட்டத்தையும் சுற்றுக்கட்டையும் ஒட்டிக் கட்டக் கூடாது. சூடேறும்போது கும்மட்டம் விரியும். இடைவெளி இல்லாவிட்டால் வெளிச்சுவர் வெடிக்கும். இடைவெளியை வெர்மிகுலைட், பெர்லைட் போன்ற வெப்பக்காப்புப் பொருளால் நிரப்பலாம். நிரப்பும் பொருள் உலர்ந்திருக்க வேண்டும். நனைந்தால் காப்பு போய்விடும். புதிதாகக் கட்டிய அடுப்பில் உடனே பெருந்தீ மூட்டாமல், ஒரு வாரம் நாள்தோறும் சிறு தீயிட்டு ஈரத்தை வெளியேற்ற வேண்டும். மூடிய அறைக்குள் ஒருபோதும் எரிக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

இவை அனைத்தும் ஒரு கொத்தனாருக்கு ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடியவை. வரலாறு சொல்வது இன்னும் ஒன்றுதான். கட்டும் அறிவு எந்தக் காலத்திலும் அவ்வளவு அரிதாக இருந்ததில்லை. பொம்பெயிக் கூடத்தின் சாளரமும், 1803இல் செய்த தூரிகையும், ஒடிசாவில் விரிசல் விட்ட குழாயும் அதற்குச் சான்றுகள். புகையில் நின்றவர்களின் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் அந்த அறிவு பயன்படாமல் கிடந்தது. ஆகவே அடுப்புக் கட்டத் தொடங்கும் முன்னரே, அதன் முன் நிற்கப்போவது யார், மழைக்காலம் முடிந்ததும் அதன் குழாயைத் துடைக்கப்போவது யார் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. நிற்கப்போகிறவரையும் கலந்து கேட்டுவிட்டுக் கட்டும் அடுப்பில் புகைபோக்கியின் இடம் பெரும்பாலும் தவறாது.